யாக்ஞவல்கியரின் பங்கீடு

துறவு பூண முற்பட்ட யாக்ஞவல்கிய மகரிஷி, முதலில் மைத்ரேயி, காத்யாயனி என்னும் மனைவியர் இருவருக்கும் சொத்தைப் பங்கிட்டளிக்க முனைந்தார் என்கிறது பிருஹதாரண்யக உபநிஷதம். பற்றை விடுபவருக்கும் கடமை உண்டு.

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் உழைத்து வீடு வாங்கிய முதியோர், பாசத்தால் அதைப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதித் தருவதுண்டு. பேணிக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தோர் எழுதித் தந்து, பெற்றவர் அதை மீறினால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அதனை ரத்து செய்யலாம். உயிலோ, எழுதியவர் வாழும்வரை மாற்றத்தக்கது; இரு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும்.

செல்வத்தால் அமரத்துவம் கிட்டுமா என்று வினவினாள் மைத்ரேயி. கிட்டாது என்றார் மகரிஷி. ஆயினும் முறைப்படுத்தாத செல்வம், இறுதி மூச்சுவரை சாதகனின் மனத்தைக் கட்டி வைக்கும். கணக்கை நேர்செய்தவருக்கே நாமஜபத்தில் மனம் நிலைக்கும்.