செடிக்கு நல்லதுதானே என்ற சமாதானம்

கொய்மலருக்காகக் காஸ்மோஸ் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்: வெட்ட வெட்டப் பூக்கும் செடி இது. மெக்சிகோவில் பிறந்து, 1791இல் மாட்ரிட்டில் அந்தோனியோ ஹோசே கவனில்லெஸ் என்ற பாதிரியாரான தாவரவியலாளர் சூட்டிய பெயரோடு உலகத் தோட்டங்களுக்குப் பரவிய ஒருபருவச் செடி. விதைத்த இரண்டு, இரண்டரை மாதத்தில் பூக்கத் தொடங்கும். நாற்று ஓர் அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். கணுவுக்கு இரண்டாக இலைகள் எதிரெதிரே நிற்கும் செடி ஆகையால், கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு இலையிடுக்குகளிலிருந்தும் இரண்டு கிளைகள் கிளம்பும். நுனியிலிருந்து இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்த ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி நின்றுபோனதன் விளைவு அது. பிறகு பூத்தண்டை நீளமாக, ஒரு கணுவுக்கு மேலே வெட்ட வெட்ட, அந்தக் கணுவிலிருந்து மறுபடியும் இரண்டு. வெட்டாமல் விட்டாலோ பூ விதையாகும், செடி தளரும், பருவம் முடிவதற்கு முன்பே ஓய்ந்துவிடும். இந்த உண்மையிலிருந்து ஒரு தார்மிகச் சமாதானம் தானாகவே பிறந்துவிடுகிறது: பறிப்பது செடிக்கு நல்லதுதானே! உயிரைத் துன்புறுத்தலாமா என்று தயங்குகிறவருக்குக் கிடைக்கும் முதல் ஆறுதலும் இதுதான். அந்த ஆறுதல் பொய் என்பது என் துணிபு. பூப்பறித்தலை மதத்தின் கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்த நம் மரபுகள் எதற்கும் அது தேவைப்பட்டதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

செடி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். காஸ்மோஸில் நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் ஒரு கொத்து. சுற்றிலும் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ விரியும் எட்டு இதழ்களும் தனித்தனிப் பூக்கள். அவை விதை வைப்பதில்லை, பூச்சிகளை அழைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. விதையாவது நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டின் சின்னஞ்சிறு பூக்கள்தான். தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ள இந்தச் செடியால் முடியாது. வேறொரு செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். அது நடந்தால் இதழ்கள் உதிர்ந்து, மெலிந்து நீண்ட கரிய விதைகள் நட்சத்திரம்போல் விரிந்து நிற்கும். ஒருபருவச் செடியின் வாழ்க்கை முழுவதும் அந்த விதைகளை நோக்கியே நகர்கிறது. நாம் தண்டை வெட்டும்போது அந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. முடியாத வேலையைச் செடி மறுபடி தொடங்குகிறது, மறுபடி வெட்டுகிறோம். அது அதிகம் பூப்பது உண்மை. ஆனால் அந்த மிகுதி செழிப்பின் அடையாளம் அல்ல, நிறைவேறாமை தொடர்வதன் அடையாளம். கன்றை விலக்கிவிட்டுக் கறந்தாலும் பசு பால் சுரக்கிறது. அதனால் கன்றை விலக்கியது பசுவுக்குச் செய்த உபகாரம் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

பறிக்கும் நேரத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். காஸ்மோஸ் குவளையில் நீண்ட நாள் நிற்கும் பூ அல்ல. ஒரு வாரம் நின்றால் பெரிது. அந்த ஆயுளையும் தேனீ குறைத்துவிடும். மகரந்தம் சேர்ந்த பூவுக்கு இதழ்களைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டிய காரணம் இல்லாமற்போகிறது, விரைவில் உதிர்த்துவிடுகிறது. ஆகையால் அனுபவப்பட்டவர்கள் இதழ்கள் நிறம் காட்டி, மொட்டிலிருந்து அப்போதுதான் பிரிகிற கட்டத்தில், காலைக் குளிர்ச்சியிலேயே வெட்டிவிடுகிறார்கள். தேனீயை முந்திக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். துறவிக்குத் தேனீயை முன்மாதிரியாகக் காட்டுவது பௌத்தத்தின் தம்மபதத்திலும் சமணரின் தசவைகாலிக சூத்திரத்திலும் உண்டு. பூவுக்கு ஊறு செய்யாமல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் உயிர் என்பதால். கொய்மலர்த் தோட்டத்தில் நாம் நிற்கும் இடம் அந்த முன்மாதிரிக்கு நேர் எதிரிடம். இதைச் சொல்வது பூ வளர்ப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. எடுக்கிறோம் என்பதை எடுக்கிறோம் என்றே சொல்லத் தொடங்கினால்தான் கேள்வி நேராக நிற்கும் என்பதற்காக.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை, வலி இல்லை. வலியே இல்லாத இடத்தில் ஹிம்சை எங்கிருந்து வந்தது? பீட்டர் சிங்கர் 1975இல் எழுதிய விலங்கு விடுதலை நூலில் வரைந்த எல்லையும் இதுதான்: துன்பப்படும் திறன் இருந்தால் மட்டுமே ஓர் உயிரின் நலனை நாம் கணக்கில் எடுக்க வேண்டும். இதற்கு மறுமொழியாக ஜகதீஷ் சந்திர போஸை அழைத்து வருவது நம்மவர்கள் வழக்கம். செடிகள் தூண்டலுக்கு எதிர்வினை காட்டுகின்றன என்று அவர் கருவிகளோடு காட்டியது பெரிய சாதனை. ஆனால் எதிர்வினை வேறு, வலி வேறு. அந்த ஆதாரத்தின்மேல் வலியை ஏற்றிவைப்பது நியாயமான வாதம் ஆகாது. செடிக்கு வலிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒன்று மிஞ்சுகிறது. கல்லை உடைத்தால் கல்லுக்குக் கெடுவது எதுவும் இல்லை. காஸ்மோஸுக்கு அப்படி அல்ல: எந்த மண், எவ்வளவு வெயில், எப்போது மகரந்தம் என்பதில் அதற்கு நல்லது கெட்டது உண்டு. அந்த நல்லது நாம் கொடுத்தது அல்ல, அதற்கே உரியது. ஒன்றுக்குத் தனக்கென ஒரு நன்மை இருந்தால் அதைத் தடுப்பதும் சாத்தியமாகிறது. தடுப்பதை உணரும் மனம் அதற்குள் இருக்க வேண்டும் என்பது இல்லை. தூங்குகிறவரின் பொருளை எடுத்தால் அவர் விழித்துப் பார்க்காததால் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது.

நம் மரபுகள் நின்றதும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான். தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு மட்டுமே கொண்ட ஓரறிவு உயிராக வைக்கிறது. கீழ்ப்படி என்றாலும் உயிர்ப் படிதான். சமணமும் தாவரத்தை ஓரறிவு உயிராகவே கொள்கிறது, அதிலிருந்து கடும் முடிவுகளையும் எடுக்கிறது. திகம்பரரில் தேராபந்திகள் பூசையில் பச்சைப் பூவைச் சேர்ப்பதில்லை, பூவுக்குப் பதிலாகக் குங்குமப்பூ நிறமேற்றிய அரிசியை இடுகிறார்கள். அதே திகம்பரரில் பீசபந்திகள் பூவை ஏற்கிறார்கள். ஒரே நூல்மரபுக்குள் இந்தப் பிளவு இருப்பதே கேள்வி எவ்வளவு உண்மையானது என்பதற்குச் சான்று. பௌத்தத் துறவியரின் ஒழுக்கவிதிகளான விநயத்தில், பிக்கு செடியை அழித்தால் அது பாசித்தியம் எனப்படும் குற்றம். அந்த விதி பிறந்த கதையில், ஆளவி என்ற ஊரில் பிக்குகள் மரம் வெட்டுகிறார்கள். மரத்தில் குடியிருந்த தேவதையின் குழந்தைக்குக் காயம் படுகிறது. ஊர் மக்களும் ஓர் உயிரைத் துன்புறுத்துகிறார்களே என்று முகம் சுளிக்கிறார்கள். ஆனால் புத்தருக்குப் பூ வைத்து வணங்கும் இல்லறத்தாரை யாரும் தடுக்கவில்லை. துறவிக்கு ஒரு கோடு, இல்லறத்தாருக்கு வேறு கோடு. சமணமும் கொல்ல வேண்டும் என்றே செய்யும் ஹிம்சையையும், சமைத்து உழுது பிழைக்கும்போது தவிர்க்க முடியாமல் நேரும் ஹிம்சையையும் பிரித்துத்தான் பேசுகிறது. இரண்டாவது சிறியது என்கிறதே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

சைவம் இதில் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை விலக்கத்தக்க பூக்களை வரிசையாகச் சொல்கிறது: உதிர்ந்தது, பழையது, மோந்தது, புழுக்கடித்தது, அரும்பு. ஹிம்சை வேண்டாம் என்று நினைப்பவர் முதலில் கை நீட்டக்கூடியது உதிர்ந்த பூ. அது கூடாது, செடியிலிருந்து எடுத்ததே வேண்டும். கொய்மலர்ச் சந்தை கேட்பது அரும்பு விரியும் கட்டம். அரும்பும் கூடாது, பூ முழுதாகப் பூவாக வேண்டும். அதே சைவம் அகத்தில் இடும் எட்டுப் பூக்களைச் சொல்லும்போது முதல் பூவாகக் கொல்லாமையை வைக்கிறது. இதை முரண் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பறித்தல் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்திருந்தால் இத்தனை விதிகளுக்கு அவசியம் இல்லை. செடிக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்திருந்தாலும் அவசியம் இல்லை. எடுப்பது பெரிது, எனவே எதை, எப்போது, யாருக்காக எடுக்கிறோம் என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும் என்ற உணர்விலிருந்தே அந்த விதிகள் வருகின்றன.

நெல்லையும்தானே அறுக்கிறோம், பூவுக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை என்று கேட்கலாம். நெல் இல்லாமல் உயிர் தரிக்காது, குவளைப் பூ இல்லாமல் தரிக்கும். தேவை குறையக் குறையக் கேள்வி கூர்மையாகிறது. அதைவிட வலுவானது வேறொரு வாதம்: விதைத்தது நான், நீர் விட்டது நான், நான் இல்லையேல் இந்தச் செடியே இல்லை, அதன் பூ என்னுடையது. இதில் பாதி உண்மை இருக்கிறது. காட்டில் தானே வளர்ந்ததை அறுப்பதற்கும் தோட்டத்தில் வளர்த்ததை அறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆனால் ஓர் உயிரை உலகத்துக்குக் கொண்டுவந்தவருக்கு அதன்மேல் உரிமை கூடும்போது பொறுப்பும் கூடுகிறது. பிள்ளை வளர்ப்பில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இந்த நியதியைச் செடியிடம் மட்டும் பாதியாக வெட்டி, உரிமையை வைத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிட முடியாது.

ஜப்பானிய மெய்யியலாளர் நிஷிதானி கெய்ஜி இகெபானா என்ற பூ அமைப்புக் கலை பற்றி எழுதியது இந்தக் கேள்விக்கு முற்றிலும் வேறான ஒரு பதில். வேரோடு நிற்கும் செடி தன் நிலையாமையை மறைத்துக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறது, வெட்டுதல் அந்த மறைப்பை நீக்குகிறது, வேரற்ற பூவில் எல்லா இருப்பின் வெறுமையும் வெளிச்சத்துக்கு வருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அழகான சிந்தனை, அதன் ஆழத்தை நான் மதிக்கிறேன். இருந்தும் காஸ்மோஸ் அதற்கு இடம் தரவில்லை. பாதி விரிந்த நிலையில் வெட்டிய தண்டு குவளை நீரை உறிஞ்சுகிறது, மிச்ச இதழ்களை விரிக்கிறது, நடுவட்டின் சிறுபூக்களை வெளிவட்டத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகத் திறக்கிறது. வராத தேனீக்காக மகரந்தத்தை வெளியே தள்ளுகிறது. அது நிலையாமையை ஒப்புக்கொண்டு நிற்கவில்லை, வேலையைத் தொடர்கிறது. அதைப் பார்க்கும் நமக்கு ஞானம் வரலாம். அந்த ஞானத்துக்கான விலையைக் கொடுத்தது செடி என்பதை நிஷிதானியின் வாதம் சொல்லாமல் விடுகிறது.

அப்படியானால் பறிக்கவே கூடாதா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. ஒரு சாவுவீட்டுக்கு, ஒரு சன்னிதிக்கு, நோயாளியின் தலைமாட்டுக்குப் பூ கொண்டுபோவது மனித வாழ்வில் சிறிய காரியம் அல்ல. எடுத்ததைக் கடனாக எழுதிக்கொண்டால் போதும், தானமாக எழுதக் கூடாது. கடன் என்றால் யாருக்குத் திருப்புவது என்ற கேள்வி எழும். தோட்டத்தின் ஓரத்தில் நாலு செடியை விதைக்கு விட்டுவிட்டால் இனம் காப்பாற்றப்படும் என்பது வழக்கமான பதில். ஆனால் வெட்டுப்பட்டது வேறு செடி, விடப்பட்டது வேறு செடி. ஒன்றின் இழப்பை இன்னொன்றின் பேரில் வரவு வைப்பது கணக்கல்ல. காஸ்மோஸில் இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, வெட்ட வெட்டப் பூக்கும் அதே குணத்தால்தான் அது இருக்கிறது. பருவம் முடியச் சில வாரங்களுக்கு முன் கத்தரியை வைத்துவிட்டால், இதுவரை வெட்டிய அதே செடிகள் கடைசிப் பூக்களைத் தேனீக்களுக்குத் திறந்து விதை முற்றவிடும். இதற்கு விலை உண்டு. வருமானம் தரக்கூடிய கடைசிப் பறிப்புகள் போகும். அயல்மகரந்தத்தால் பிறக்கும் விதை ஆகையால் அடுத்த ஆண்டு வெள்ளைக்கு நடுவே சிவப்பும், சிவப்புக்கு நடுவே இரண்டுங்கெட்டான் நிறமும் முளைக்கும். ஒரே நிறக் கட்டு கேட்கும் வியாபாரி அவற்றைத் திருப்பி அனுப்புவார். அந்த நட்டத்தை வளர்ப்பவர் ஏற்க வேண்டியிருக்கும்.