கள்ளும் கல்வியும்

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கள்ளின் வருவாய் கல்வியை வளர்க்குமானால் அஃது அறமாகுமா?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் 'லேம்ப் அண்ட் ஃபிளாக்' என்னும் பழமையான மதுவகம் உள்ளது. அதன் உரிமையாளராகிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, அதன் இலாபத்தை ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கு அளித்து வந்தது. பெருந்தொற்றால் வருவாய் குன்றவே, 2021 ஜனவரியில் அதன் கதவு அடைபட்டது.

பணத்திற்குக் கறையில்லை என்பர் சிலர். ஏழை மாணவன் பட்டம் பெற்றால் அப்பணம் தூய்மையுறும் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. உதவி பெற்றவன் குற்றவாளி அல்லன். ஆயினும், குடிப்போரை நம்பி வாழும் அறம் குடி குறைவதை மனமார விரும்ப இயலுமா? தீமை தேய்ந்தால் தானும் தேயும் நன்மை, தீமைக்குக் கட்டுண்ட நன்மையே ஆகும்.

2022 இல் ஆர்வலர் குழுவொன்று அம்மதுவகத்தை மீண்டும் திறந்தது. மது எங்கும் கிடைக்கும். கூடிப் பேசும் இடமே அரிது. அவ்விடத்தை மதுவின்றி அமைத்துத் தருவதே கல்வியாளரின் கடமையன்றோ?