ஆழம் தெரியாத குழி

பலன் உண்டா இல்லையா என்று தெரியாத வேலையில் ஒருவன் தன் வாழ்நாளின் ஒரு பகுதியைச் செலவிடலாமா? இது பழைய கேள்வி. விளைவைப் பார்த்தே செயலை மதிப்பிட வேண்டும் என்பது ஒரு சாராரின் விடை. நிய்யத் நல்லதாயிருந்தால் போதும் என்பது மறுசாராரின் விடை. இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. ஏன் என்று சொல்வதற்குக் குழி தோண்டுகிற சிலரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் காஸில்டன் என்றோர் ஊர். அதைச் சூழ்ந்த நிலம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லை அரிப்பதால், அங்கே நிலத்தடியில் குகைகள் உண்டாகின்றன. டேவ் நிக்சன் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் பயணக் குறிப்பொன்றைப் படித்தார். அதில் சொல்லப்பட்ட குகைப்பகுதி தம் காலத்தவருக்குத் தெரியாமற் போயிருப்பதைக் கண்டார். தோழர்களுடன் தேடிச் சென்று 1999இல் 'டைட்டன்' எனப் பின்னர் பெயரிடப்பட்ட செங்குத்தான பெருங்குழியின் அடியை அடைந்தார். அதன் உயரம் 141.5 மீற்றர். பின்னர் மேலே தரையிலிருந்து அதற்குள் இறங்குவதற்காகக் கூலி எதுவுமின்றி வருடக் கணக்கில் தோண்டி ஒரு வழியும் அமைத்தார்கள்.

அந்நாட்டில் இத்தகையோர் பலர். பகலில் வேறு தொழில் பார்ப்பார்கள். மாலையிலும் வார இறுதியிலும் தோண்டுவார்கள். கல்லிடுக்கினூடே குளிர்காற்று வந்தால் கீழே வெற்றிடம் இருக்கலாம் என்பது அவர்கள் நம்பும் அடையாளம். ஒருவர் அடியில் நின்று கல்லையும் மண்ணையும் வாளியில் நிரப்புவார். மேலே நிற்பவர்கள் கயிற்றால் இழுத்தெடுப்பார்கள். பக்கச் சுவர் சரியாதபடி முட்டுக் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். நிக்சனுக்குக் கிடைத்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பல வருட உழைப்பு ஒருநாள் வெறும் பாறையில் முடிந்துவிடவும் கூடும்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "தண்ணியும் இல்ல, மாணிக்கமும் இல்ல, பின்ன என்னத்துக்கு சேர் தோண்டுறாங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கிளிவெட்டியில் மண்ணைத் தோண்டுவது தண்ணீருக்காக. இரத்தினபுரியில் தோண்டுவது மாணிக்கத்துக்காக. வெறும் வெற்றிடத்தைத் தேடி மனிதன் தோண்டுவான் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் புதுமைதான்.

ஆனால் கிணறு வெட்டுபவனுக்கும் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஸம்ஸம் கிணறு தூர்ந்து, இருந்த இடமே மறந்துபோயிருந்த காலத்தில், அப்துல் முத்தலிப் தம் மகன் ஹாரிஸை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தோண்டியதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. அவரிடம் இருந்தது ஒரு கனவு. குறைஷியர் தடுத்தார்கள். தண்ணீர் வெளிப்படும் கணம் வரை அவரும் ஒரு வெற்றிடத்தைத் தோண்டியவர்தான். தண்ணீர் கிடைத்த பின்னர் அவரைப் போற்றுவது எளிது. மண்வெட்டியை முதன்முதலாக ஊன்றிய அந்த நேரத்தில் அவர் செய்தது சரியா, பிழையா? சரியென்றால், விளைவு மட்டுமே அளவுகோல் ஆக முடியாது.

அப்படியானால் நல்லெண்ணம் போதுமா? 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல், எங்கள் கிழக்குக் கரையின் கிணறுகளில் உப்பை நிரப்பிவிட்டுப் போனது. உதவ வந்தவர்கள் பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அவர்களுடைய எண்ணத்தில் மாசில்லை. ஆனால் மணற்பாங்கான எங்கள் கரையில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அந்தப் படை குலைந்து, அடியிலிருந்து உவர்நீர் மேலேறும். இறைத்ததை விட மாரி மழைதான் கிணறுகளைக் கூடுதலாகத் தேற்றியது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். மண்ணின் குணத்தை அறிந்துகொள்வதும் நிய்யத்தின் ஒரு பகுதிதான். அறியாமல் செய்த நன்மைக்குச் சில நேரம் அயலவனின் கிணறு விலை கொடுக்கிறது.

இன்னொரு குழி மொரோக்கோவில் இருந்தது. 2022 பெப்ரவரி 1இல் ரய்யான் என்ற ஐந்து வயதுச் சிறுவன் 32 மீற்றர் ஆழமான ஒடுங்கிய கிணற்றுக்குள் விழுந்தான். இயந்திரங்கள் அருகே மலையையே வெட்டி இறங்கின. கடைசிச் சில மீற்றரில் மண் சரியும் என்ற அச்சத்தால் கையால் தோண்ட வேண்டியதாயிற்று. கிணறு வெட்டிப் பழகிய அலி ஸஹ்ராவி என்பவர் தாமாக முன்வந்து அந்த வேலையில் இறங்கினார். பெப்ரவரி 5இல் பிள்ளையை எடுத்தார்கள்; உயிர் இல்லை. அலியின் உழைப்பு வீண் என்று சொல்ல நமக்கு நா எழுமா? அவர் பிள்ளையை மீட்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தனியே கிடக்கையில் தோண்டாமல் இருக்க முடியாது என்பதை அவர் தம் கைகளால் சொல்லிவிட்டார்.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை தியாகத்தின் புகழாரமாகிவிடும். இந்தியாவின் உத்தரகாசியில் 2023 நவம்பர் 12இல் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டார்கள். துளையிடும் இயந்திரம் உடைந்துபோன பிறகு, 'எலிவளை'த் தொழிலாளர்கள் குழாய்க்குள் ஊர்ந்து சென்று கையால் தோண்டி வழி திறந்தார்கள். 28ஆம் திகதி 41 பேரும் உயிருடன் வெளியே வந்தார்கள். அந்த எலிவளை முறையோ மேகாலயாவின் நிலக்கரிக் குழிகளில் வளர்ந்தது. ஆபத்தின் காரணமாக 2014இல் அங்கே தடைசெய்யப்பட்டது. தடையையும் மீறி 2018 டிசம்பரில் க்ஸானில் வெள்ளம் புகுந்த குழியில் குறைந்தது 15 பேர் அகப்பட்டு, உயிருடன் மீளவில்லை. அவர்களைக் குழிக்குள் இறக்கியது பசி. சில்க்யாராவில் தோண்டிய வீரர்களுள் ஒருவருடைய வீடு, மூன்றே மாதத்தில், 2024 பெப்ரவரியில், அனுமதியற்ற கட்டடமென்று தில்லியில் இடிக்கப்பட்டது.

ஆகவே, தோண்டுபவனின் எண்ணத்தையும் அவன் கண்டெடுப்பதையும் மட்டும் எடைபோட்டுக்கொண்டிருப்பதில் ஒரு பிசகு இருக்கிறது. நாம் எல்லோரும் மேலே நிற்கிறோம் என்பதை அந்தத் தராசு மறைத்துவிடுகிறது. டார்பிஷயர்க்காரர் விரும்பி இறங்குகிறார். விரும்பினால் மேலே வந்துவிடலாம். க்ஸான் தொழிலாளிக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. இருவரையும் ஒரே சொல்லால் 'துணிச்சல்காரர்' என்பது, பின்னவருக்கு நாம் செய்யும் அநீதி.

கிணறு வெட்டும் பழைய ஆட்களிடம் ஒரு முறை உண்டு. ஆளை இறக்குமுன் எரியும் விளக்கொன்றை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. இறங்கிய பின்னர், கயிற்றைப் பிடித்தவன் வெற்றிலை மெல்லவும் அப்பால் போவதில்லை. தண்ணீர் வருமா வராதா என்பது அல்லாஹ்வின் கையில். விளக்கும் கயிறும் மேலே நிற்பவர்களின் கையில்.