கிளீனர்

ஒரு பொருள் யாருக்குச் சொந்தம்? விலை கொடுத்தவனுக்கா, பேணியவனுக்கா? தர்ம சாஸ்திரம் படித்து எனக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில், ஒரு மணற்குவியலின் ஓரத்தில், பொம்மை லாரி ஒன்றினால் வந்தது.

'நாடு' என்றதும் ஏதோ ராஜ்யம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மலையில் ஊராட்சிகளுக்கு அப்படிப் பெயர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து, சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடவே என் அண்ணன் மகனும், அவனுடைய ரேடியோ லாரியும். கையிலுள்ள பெட்டியின் விசையைத் தள்ளினால் கம்பியில்லாமலே ஓடும், திரும்பும். வாங்கிக் கொடுத்தவன் நான். ஆகவே அதன் க்ஷேமத்துக்கும் நானே பொறுப்பு என்று எண்ணியிருந்தேன்.

வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் அவன் லாரியை ஓட்டினான். வேலியோரம் பன்னிரண்டு வயதுள்ள ஓர் உள்ளூர்ப் பையன் நின்று பார்த்தான். அரை மணியில் லாரி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துடன் புறப்பட்டேன்.

"எண்ணெய் போடாதீங்கய்யா. மண்ணோட சேர்ந்தா அரமாட்டம் ராவிப்புடும்" என்றான் வேலியோரத்துப் பையன். "எங்கண்ணன் நாமக்கல்லுல லாரி கிளீனருங்க."

முதலில் பாட்டரியைக் கழற்றினான். மேல்கூட்டை எடுத்தான். தண்ணீரே தொடாமல், பழைய பல் பிரஷால் பல்சக்கரங்களின் ஒவ்வொரு பல்லிடுக்கையும் துடைத்தான். சைக்கிள் பம்பால் காற்றடித்தான். மோட்டாரின் காந்தம் இழுத்து வைத்திருந்த கருமணலை ஒட்டுத்தாளால் ஒற்றி ஒற்றி எடுத்தான். கடைசியில்தான் அச்சில் ஒரு பொட்டுக் கிரீஸ். பிறகு என் பழைய நைலான் காலுறையைக் கேட்டு வாங்கி, மோட்டாரின் மேல் திரைபோலக் கட்டினான். காற்றுப் போகும், மணல் போகாது.

லாரி ஓடிற்று. என் அண்ணன் மகன் ஓட்டினான். அவன் வேலியோரம் போய் நின்றுகொண்டான். மூன்று நாளும் இப்படியே நடந்தது. எங்களுக்கு அதில் விபரீதமாக ஒன்றும் தோன்றவில்லை.

புறப்படும்போது ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினேன். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒரேயொரு தரம் ஓட்டிப் பாக்கலாங்களா?"

"மறுபடி மணல் ஏறிவிடுமே, தம்பி" என்றேன். யாரிடம் சொன்னேன், பாருங்கள்!

மணலிலிருந்து காக்க உலகம் எத்தனையோ உபாயம் செய்திருக்கிறது. 1979-இல் ஜப்பானின் டாமியா கம்பெனி 'ஸாண்ட் ஸ்கார்ச்சர்' என்ற பொம்மைக் காரை வெளியிட்டபோது, ரேடியோ உறுப்புகளை மூடிய பெட்டிக்குள் வைத்தது. ஆனால் சக்கரத்தைப் பெட்டிக்குள் வைக்க முடியுமா? ஓடுகிற பொருளில் அழுக்கு ஏறத்தான் செய்யும். யாராவது துடைக்கத்தான் வேண்டும். செவ்வாய்க் கிரகத்தில் 2004-இல் இறங்கிய 'ஆப்பர்ச்சூனிட்டி' வண்டிக்குத் துடைக்க ஆளில்லை. அதன் சூரியத் தகடுகளில் படிந்த புழுதியை அவ்வப்போது காற்றே துடைத்தது. தொண்ணூறு நாளுக்கென்று அனுப்பிய வண்டி, 2018-இல் ஒரு புழுதிப் புயல் வெயிலை மறைக்கும் வரையில் உழைத்தது. காற்று கூலியும் கேட்கவில்லை, ஓட்டிப் பார்க்கவும் கேட்கவில்லை. மனிதன் கேட்பான். கேட்பது நியாயம்.

லாரித் தொழிலில் அந்த நியாயம் உண்டு. கிளீனராக ஏறியவர்கள் பலர் பின்னாளில் டிரைவராக உட்கார்ந்திருக்கிறார்கள். துடைத்த கைக்கு ஸ்டியரிங்கைத் தொட ஒரு நாள் வரும். நம் வீடுகளில் அந்த நாள் வருவதில்லை. நாற்காலியைத் துடைப்பவள் அதில் உட்காருவதில்லை. பொருளைக் காக்கிறோம் என்கிறோம்; பொருளிடமிருந்து மனிதர்களைத் தள்ளி வைப்பதற்கும் அதே பெயரைச் சொல்லிக்கொள்கிறோம்.

காரில் இறங்கும்போது, ஏதோ ஒரு வளைவில், அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, அவன் ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"மணல் ஏறியிருக்கும்."

"அவனே தொடைச்சிருப்பானே!"

எனக்குப் பதில் வரவில்லை. காரைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

லாரி இன்றும் நன்றாக ஓடுகிறது. விலை கொடுத்தவன் நான்தான். ஆனாலும் கணக்குப் பார்த்தால், அதில் எனக்கென்று இருப்பது அந்தப் பழைய காலுறை ஒன்றுதான்.