டேலிக்கு எதுக்கு கிராபிக்ஸ் கார்டு?

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பையனுக்கா மேடம்?” என்பதுதான். எனக்குப் பையன் இல்லை. ஒரே மகள். ஆனாலும் “ஆமாம்” என்றேன். பையனுக்கு என்ன வயது, என்ன கேம் ஆடுவான் என்று அவர் அடுத்தடுத்துக் கேட்க, இல்லாத மகனுக்குப் பதினாறு வயதும் கார் பந்தயத்தில் பைத்தியமும் கொடுத்துவிட்டு, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கார் பந்தயத்தில் பைத்தியம் எனக்குத்தான். வயது நாற்பத்தாறு.

எங்கள் வீடு காட்டுப்பாக்கத்தில். மவுண்ட்–பூந்தமல்லி சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. சுற்றுவட்டாரத்துச் சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜிஎஸ்டி, மாதக் கடைசியில் தலைவலி. கார் ஓட்டும் உரிமம் பதினோரு வருடமாக என் பையில் இருக்கிறது. வீட்டில் காரும் இருக்கிறது. சாவி மட்டும் என் கைக்கு வந்ததில்லை. முன்பு “ரோட்டுல லாரி ஜாஸ்தி” என்பது காரணம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ தூண்கள் எழும்பத் தொடங்கியதும் “மெட்ரோ வேலை நடக்குது, உனக்குக் கஷ்டம்” என்பது காரணம். தூண்கள் நின்று, மேலே பாலமும் வந்துவிட்டது. அடுத்து என்ன காரணம் வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. இதெல்லாம் எங்கள் பக்கத்துச் செய்திகள்தான், ஆனால் எனக்கானவை என்று தோன்றியதில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில், தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையை அடைத்து இரவு விளக்கில் கார்களை ஓடவிட்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன். நான் பஸ்ஸில் போன சாலைதான் அது. அதே வளைவை ஒருவர் எவ்வளவு தாமதமாக பிரேக் அடித்து, எந்த ஓரத்தைத் தொட்டு எடுக்கிறார் என்று பார்க்கும்போது என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

தள்ளுபடியில் சில நூறு ரூபாய்க்கு ‘அசெட்டோ கோர்சா’ வாங்கினேன். 2014-ல் வெளிவந்த இத்தாலிய கார் பந்தய சிமுலேட்டர். என் கணினியும் அதே காலத்தது. அதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. காரின் எடை எந்தச் சக்கரத்தின் மேல் சாய்கிறது, டயருக்கு இன்னும் எவ்வளவு பிடிமானம் மிச்சம் என்பதையெல்லாம் கணினியின் பிராசஸர் கணக்கிட்டுவிடும். அதைப் படமாக வரைந்து காட்டத்தான் கிராபிக்ஸ் கார்டு. அது இல்லாததால் திரை திக்கித் திக்கி வந்தது. வளைவு என் கண்ணுக்குத் தெரிவதற்குள் கார் சுவரில் இருந்தது.

ஒரு மாதம் படித்தேன். என் கணினியின் பவர் சப்ளை 300 வாட். பெரிய கார்டுகளுக்கு அதிலிருந்து தனி மின்கம்பி வேண்டும், என்னுடையதில் அது இல்லை. ஆனால் மதர்போர்டில் கார்டைச் செருகும் இடமே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டு எது என்று தேடி, 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று கண்டுபிடித்தேன். அந்தத் தலைமுறைக் கார்டுகளில் பழைய விஜிஏ இணைப்பு கிடையாது, என் மானிட்டரிலோ அது மட்டும்தான் உண்டு. அதற்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கினேன். வீட்டில் யாருமில்லாத ஒரு மதியம் கணினியைத் திறந்து, பத்து வருடத் தூசியைத் தூரிகையால் தட்டி, கார்டைச் செருகி, ‘க்ளிக்’ சத்தம் கேட்டதும் கை நடுங்கியது. திரை உயிர்பெற்றபோது சத்தமாகச் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு தனியாகச் சிரித்தேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்: “சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சுங்க. ஜிஎஸ்டி வேலைக்காக ஒரு பார்ட் மாத்தினேன்.” அவர் தலையாட்டினார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். அவர் அறையைவிட்டுப் போனதும் மெதுவாகக் கேட்டாள்: “டேலிக்கு எதுக்கும்மா கிராபிக்ஸ் கார்டு?”

உண்மையைச் சொன்னேன். சிரித்தாள். “அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கும் சொல்லிக்குடும்மா, எப்படிக் கேட்டா இந்த வீட்டுல ஓகே ஆகும்னு” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இந்தப் பொய் தப்பா? வள்ளுவர் குற்றமில்லாத நன்மை தரும் பொய்யை வாய்மைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் எந்தப் பொய்க்கும் இடம் கொடுக்க மாட்டார். நான் முதலில் வள்ளுவர் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். காசு என்னுடையது, நான் கணக்கெழுதிச் சம்பாதித்தது. யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டில் சண்டையுமில்லை. ஆனால் ‘குற்றமில்லாத நன்மை’ என்ற அளவுகோலை நேர்மையாக வைத்துப் பார்த்தால் என் பொய் தேறவில்லை. ‘எனக்குப் பிடித்திருக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது’ என்ற வீட்டுச் சட்டத்தை அது உடைக்கவில்லை. அதற்கு இன்னொரு கையெழுத்து போட்டது. அந்தச் சட்டத்தை என் மகளுக்கும் பாடமாக்கியது.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வீட்டில் செலவுகளுக்கு இரண்டு பெயர்கள்: தேவை, ஆசை. அவர் போன வருடம் பெரிய டிவி வாங்கியது தேவை. கிரிக்கெட் பார்க்க வேண்டுமே. எனக்கு முதுகு வலிக்காத நாற்காலி ஆசைப் பட்டியலில் மூன்று வருடம் இருந்தது. ஆணின் ஆசை சீக்கிரம் தேவையாகப் பதவி உயர்வு பெறுகிறது. பெண்ணின் தேவை ஆசையாக இறக்கப்படுகிறது. நடுவில் நாம் கற்றுக்கொண்ட தந்திரம், எதைக் கேட்டாலும் குடும்பத்தின் பெயரில் கேட்பது. மிக்ஸி வீட்டுக்கு, ஸ்கூட்டி பிள்ளையை ஸ்கூலில் விட, செல்போன் அவசரத்துக்கு.

இது வீட்டோடு நிற்கவில்லை. பெண்களுக்காக நாம் வாதாடும்போதும் இதே தந்திரம் வந்துவிடுகிறது. பெண்ணைப் படிக்கவைத்தால் குடும்பமே படிக்கும் என்கிறோம். பெண் கையில் காசு கொடுத்தால் பிள்ளைகளுக்குப் போகும் என்கிறோம். உண்மைதான். ஆனால் குடும்பத்துக்குப் போகவில்லையென்றால்? அப்போது கொடுக்கக் கூடாதா? 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் திட்டம் தொடங்கியபோது அதற்கு ‘உதவித் தொகை’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத் தொகை’ என்று வைத்தார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். உதவிக்குக் கணக்குக் கேட்கலாம். உரிமைக்குக் கேட்க முடியாது. அந்த ஆயிரத்தில் ஒருத்தி மல்லிகைப்பூ வாங்கினாலும் சினிமா பார்த்தாலும் அது உரிமைதான்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் பெண்ணுக்கு ஒரு தனி அறையும் வருடத்துக்கு ஐந்நூறு பவுண்டும் வேண்டும் என்று எழுதினார். எதற்கு? கதை எழுத. அங்கும் கடைசியில் ஒரு புத்தகம் வெளியே வருகிறது, அறைக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. என் அறையிலிருந்து எதுவும் வெளியே வராது. மோன்சா தடத்தில் குட்டி அபார்த் காரை ஓட்டி, பெரும்பாலும் கடைசியில் வருகிறேன். டச்சு அறிஞர் யோஹான் ஹொய்சிங்கா 1938-ல் விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். விளையாட்டு தானாக விரும்பி ஆடப்படுவது, அதன் பயன் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் ‘எதுக்கு?’ என்று கேட்கப்படும் இடத்தில் விளையாட்டு உயிரோடிருக்க முடியாது. பெண்களிடம் நாள் முழுக்கக் கேட்கப்படும் கேள்வியே அதுதான்.

‘சாதனைப் பெண்’ என்பதும் ஒரு வகைச் சாக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தாலியின் லெல்லா லொம்பார்டி 1975-ல் ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் கிடைத்தது அரைப் புள்ளி. ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் இன்றுவரை ஒரு பெண் எடுத்த புள்ளி அவ்வளவுதான். நம் சென்னையில் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு ஓட்டிப் பட்டம் வென்றார். அவருடைய அப்பாவும் பைக் பந்தய வீரர். இவர்களைக் கொண்டாட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஊருக்குப் பெருமை சேர்த்தால் மட்டும் ஒரு பெண் ஸ்டீயரிங்கைத் தொடலாம் என்றால், சுமாராக ஓட்டும் ஆயிரம் பெண்கள் எங்கே போவது? எங்கள் தெருமுனையில் ஞாயிறுதோறும் ஆண்கள் கேரம் ஆடுகிறார்கள். மிக மோசமாக ஆடுகிறார்கள். எந்தக் கோப்பைக்கு என்று யாரும் கேட்டதில்லை. மோசமாக விளையாடும் உரிமைதான் முழு உரிமை.

இதுவரை எனக்குச் சாதகமாகவே யோசித்துவிட்டேன். இனி மற்றது. நான் ஓட்டுவது இரவு எட்டு மணிக்கு, முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டில் எட்டு மணி தோசை நேரம். இரண்டாவது வாரத்தில்தான் கவனித்தேன், தோசைக்கல் முன்னால் மகள் நிற்கிறாள். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. காலியான இடத்துக்கு வேலை அவளைத் தேடிப் போயிருக்கிறது. அப்பா கூடத்தில் கிரிக்கெட்டில் இருந்தார்.

2024-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். சிமுலேட்டர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்ப ஒன்றும் மிச்சமிருக்காது. வீட்டின் நேரமும் அப்படித்தான். நான் எடுத்துக்கொண்ட 45 நிமிடம் வானத்திலிருந்து வரவில்லை. அது 289-லிருந்து கழிந்து 88-ல் ஏறியிருந்தால் நியாயம். ஒரு பெண்ணிடமிருந்து கழிந்து இன்னொரு சின்னப் பெண்ணின் தலையில் ஏறியிருந்தால், நான் விடுதலை அடையவில்லை. கைமாற்றிவிட்டிருக்கிறேன்.

அந்த இடத்தில் பொய்யின் இன்னொரு விலையும் தெரிந்தது. ‘ஜிஎஸ்டி வேலை’ என்று சொல்லிவிட்ட பிறகு, “நான் விளையாடப் போறேன், நீங்க தோசை ஊத்துங்க” என்று எப்படிக் கேட்பது? பொய் சொல்லி வாங்கிய நேரத்துக்கு நியாயம் கேட்க வாயில்லை.

ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டேன். திரையைத் திருப்பி, காரைக் காட்டி, விலை உட்பட எல்லாம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுக்கு ஏன் பொய் சொன்ன? கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ‘கேட்டிருந்தா’ என்ற சொல்லிலேயே என் பதில் இருந்தது. “கேக்க வேண்டியிருக்குல்ல, அதனாலதான்” என்றேன். முகம் சுருங்கியது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், “எட்டு மணிக்குத்தானே?” என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். முதல் தோசை பிய்ந்துபோனது. இரண்டாவதும். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். சிமுலேட்டரில் எந்த வளைவும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. கார் சாவி இன்னும் வரவில்லை. அதை அடுத்துக் கேட்கவேண்டும். கேட்கக் கூடாது, எடுக்கவேண்டும்.

இவ்வளவும் யோசித்துத் தெளிந்துவிட்டதாக நினைத்திருந்த போன வாரம், மகள் வந்து, “அம்மா, ஒரு யுகுலேலே வாங்கணும், ரெண்டாயிரம் ரூபா” என்றாள். பரீட்சை வேறு பக்கத்தில்.

“எதுக்கு?” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் என்னையும், மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த கார்டின் மின்விசிறிச் சத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.