பாட்டனார் விட்டுச்சென்ற நாணயப் பேழை



நம் தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம்; சொல்லும் செயலும் மாறுபடாத நேர்மையும் நாணயம். பாட்டனார் ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த பழங்காசுகள் பேரன் கைக்கு வரும்பொழுது, முதல் நாணயத்தைக் காப்பதற்காக இரண்டாம் நாணயத்தை அவன் இழந்துவிடலாகாது. இன்று நாம் சிந்திக்க வேண்டுவது இதுவே.

அத்தகைய பேழை ஒன்றைத் திறந்து பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1835-இல் நான்காம் வில்லியம் மன்னரின் தலையுருவோடு வெளியிட்ட வெள்ளி ரூபாய் இருக்கும். புதுக்கோட்டைச் சீமையில் நவராத்திரி நாள்களில் அரிசியோடு மக்களுக்கு வழங்கப்பெற்ற அம்மன் காசு இருக்கும். இரண்டாம் உலகப் போரின் நடுவே 1943-இல் வந்த ஓட்டைக் காலணா இருக்கும். 1957 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிய நயா பைசாவும் இருக்கும். பகவான் மகாவீரரின் 2600-ஆம் ஜன்ம கல்யாணத்தை முன்னிட்டு 2001-இல் அரசு வெளியிட்ட ஐந்து ரூபாயும் இருக்கலாம்.

“இவற்றுட் பல செல்லாக் காசுகள் ஆயிற்றே! இவையும் பரிக்கிரகத்துள் அடங்குமோ?” எனச் சிலர் வினவுவர். ஆசாரியர் உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுமிடத்துப் பொருளின் விலையைக் கூறவில்லை, மூர்ச்சையையே கூறினார். மூர்ச்சையாவது, “எனது, எனது” என்னும் மயக்கம். கடையில் செல்லாத காசின்மீதும் அம்மயக்கம் செல்லும். இல்லறத்தார் அளவு வகுத்துக்கொள்ள வேண்டிய பொருள்களின் வரிசையில் நிலத்தையும் மனையையும் அடுத்து ‘ஹிரண்யம்’ வருகிறது. வெள்ளி முதலிய, கொடுக்கல் வாங்கலுக்கு உதவும் பொருள் என்று அதற்கு உரையாசிரியர் பூச்சியபாதர் விளக்கம் தந்தார். ஆதலின் மரபுரிமையாக வந்த காசும் நம் விரதக் கணக்கில் சேர்ந்ததே. பகவானின் பெயர் பொறித்த நாணயமாயினும், அதன்மேல் வைத்த பற்று பற்றேயாம்.

பொருளைக் காப்பதில் மற்றுமோர் இடர் உண்டு. ரௌத்திர தியானம் நான்கு வகைப்படும் என்பர். கொலையில் மகிழ்தல், பொய்யில் மகிழ்தல், களவில் மகிழ்தல் என்னும் மூன்றனோடு, பொருளைக் காப்பதில் மூழ்கி மகிழ்தல் நான்காவதாக வைக்கப்பட்டுள்ளது. கொலைக்கும் களவுக்கும் பக்கத்திலே காவலுக்கும் இடம் தந்தனர் முன்னோர்! அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கும் இத்தியானம் வரக்கூடும் என்று எச்சரித்தனர். இரவில் எழுந்து பூட்டைத் தடவிப் பார்ப்பதும், உறவினர் வந்தால் பேழையை மறைப்பதும், இளையவன் கேட்டுவிடுவானோ என அஞ்சுவதும் இத்தியானத்தின் அறிகுறிகள். அந்நிலையில் பேரன் பேழையைக் காக்கவில்லை. பேழை அவனைக் கட்டி வைத்திருக்கிறது.

ஆதிபுராணம் கூறும் பரத சக்கரவர்த்தியின் வரலாற்றை நினைவு கூர்வோம். ஆறு கண்டங்களையும் வென்ற பரதர், தம் வெற்றியைப் பொறிக்க விருஷபாசல மலையை அடைந்தார். தம் பெயரே அங்கு முதற்பெயராக விளங்கும் என்று எண்ணிச் சென்றவர், முன்னிருந்த சக்கரவர்த்திகளின் பெயர்களால் அம்மலை நிறைந்திருக்கக் கண்டார். எழுத இடமில்லை. அவர் செருக்கு அடங்கிற்று. ஒரு பெயரை அழித்துத்தான் தம் பெயரை எழுத முடிந்தது.

பாட்டனாரின் பேழையும் ஒரு சிறு விருஷபாசலமே. அதிலுள்ள ஒவ்வொரு காசிலும் ஒரு மன்னர் பெயர், ஓர் அரசின் முத்திரை. அவர்கள் எங்கே? அக்காசைக் கை மாற்றிய எண்ணற்ற மாந்தர் எங்கே? சேர்த்த பாட்டனாரும் தம் நல்வினை தீவினைகளை மட்டுமே உடன்கொண்டு சென்றார். ஒரு காசையும் கொண்டு சென்றாரில்லை.

மலையின்முன் செருக்கடங்கிய பின்னரும் பரதர், தந்தையார் பங்கிட்டளித்த நாட்டின் பொருட்டுத் தம் இளவல் பாகுபலியோடு போர் தொடுத்தார். வென்றவர் பாகுபலி. வென்ற கணத்திலே அனைத்தையும் துறந்து தவம் மேற்கொண்டவரும் அவரே. உலகம் இன்று சிரவணபெளகொளாவில் அண்ணாந்து வணங்குவது நாட்டை விட்டவரை அன்றோ! ஒரு பெட்டிக் காசுக்காக உடன்பிறந்தார் பேச்சற்றுப் போன இல்லங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. பங்கு குறைந்தால் காசு குறையும்; பகை வளர்ந்தால் வினை வளரும்.

எனில், பேழையைத் தெருவில் எறிந்துவிடலாமா? வேண்டா. அசட்டையும் அறமாகாது. ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்போடிருத்தலை ஆதான நிக்ஷேபண சமிதி எனத் துறவியர்க்கு வகுத்தனர். அதன் சாயலை இல்லறத்தாரும் கொள்ளலாம். காசை விளிம்பில் பிடித்து எடுங்கள். முகப்பில் விரல் வியர்வை படவேண்டா. ஈரம் தங்கும் இடத்தில் வையாதீர்கள். ஈரம் உலோகத்தை அரிப்பதோடு, நுண்ணுயிர்களுக்கும் பிறப்பிடமாகும்; பின்னர்த் துடைக்கும்பொழுது அவற்றிற்கு ஊறு நேரும். புளியும் எலுமிச்சையும் இட்டுத் தேய்க்காதீர்கள். செப்புக் காசின்மேல் காலம் படியவைத்த கருமைப் படலம் அதற்குக் காப்பு. தேய்த்தால் எழுத்தும் தேயும். தேய்த்துக் களைய வேண்டிய அழுக்கு உயிரின்மேற் படிந்த வினையே.

கள்ளாமை விரதத்திற்குக் கூறப்பட்ட ஐந்து குற்றங்களையும் நாணயம் சேர்ப்போர் மனத்திற் பதித்தல் வேண்டும். களவைத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரச நெறியை மீறுதல், நிறையிலும் அளவிலும் ஏமாற்றுதல், போலியை மெய்யெனக் கொடுத்தல் என்பன அவை. எங்கிருந்து வந்தது என்று சொல்லாத காசை வாங்காதீர்கள். மண்ணைத் தோண்டுகையில் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் எவரும் அயல்நாட்டிற்கு அனுப்புதல் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1835-இன் ரூபாய் 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் நிறையுடையது. நிறையில் பெரிதும் வேறுபடும் காசு கைக்கு வந்தால் ஐயுறுங்கள். போலி என்று அறிந்த பின்னர், “நானும் ஏமாந்துதானே வாங்கினேன்” என்று பிறர் தலையில் கட்டாதீர்கள். பழங்காசுக்கு இலட்சங்கள் தருவதாக ஆசை காட்டி, முன்பணம் கேட்போரும் உளர். தன் பெயரால் நடக்கும் அத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021-இல் மக்களை எச்சரித்தது. உலோபத்தின் வாயில் திறந்திருந்தால் வஞ்சகன் நுழைதல் எளிது.

இனிச் செய்யத்தக்கது யாது? முதலாவது, காசுகளை எண்ணி, ஆண்டும் உலோகமும் குறித்து, உடன்பிறந்தார் அனைவரும் அறிய ஒரு பட்டியல் எழுதுக. மறைவு நீங்கினாலே ஐயம் பாதி நீங்கும். இரண்டாவது, இவ்வளவே எமக்குப் போதும் என்று அளவு வகுத்து அதனை விரதமாக ஏற்க. மூன்றாவது, விடுமுறை நாள்களில் பிள்ளைகளைக் கூட்டி, ஒவ்வொரு காசின் வரலாற்றையும் சொல்லுக. அது கல்வித் தானத்தின் ஒரு கூறாகும். நான்காவது, அளவுக்கு மேற்பட்டதை நேர்மையாக விற்று, அப்பொருளை உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்தில் செலுத்துக. அரியவற்றை அருங்காட்சியகத்திற்கு வழங்கலாம். ஐந்தாவது, தமக்குப் பின் அப்பேழை என்னாக வேண்டும் என்பதை, கையும் கருத்தும் நலமாயிருக்கும்பொழுதே எழுதி வைக்க.

பரதர் ஒன்பது நிதிகளுக்கும் உரியவராயிருந்தும், துறவு பூண்ட சிறு பொழுதிலேயே கேவல ஞானம் எய்தினார். பொருள் அருகில் இருந்தது. பற்று முன்பே தளர்ந்திருந்தது. பாட்டனார் தம் பொறுமையையும், உண்மை காணும் கூர்மையையும், சிறு பொருளையும் பாழாக்காத பண்பையும் அப்பேழையோடு சேர்த்தே வைத்துச் சென்றார். அவற்றை எவ்வளவு சேர்த்தாலும் விரதம் குறையாது. பங்கிட்டாலும் பங்கு குறையாது.

காசைக் கருத்தோடு காப்போம்; பற்றை நாள்தோறும் குறைப்போம்.

அறம் வளர்க! ஜினதர்மம் வாழ்க!