விட்டுவைக்கும் இரண்டு மில்லிமீற்றர்

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழாக வந்து, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுப்பது அது. பல் போன இடத்தில் டைட்டேனியத் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதை இம்பிளான்ட் என்கிறோம். அதற்காக எலும்பைத் துளைக்கும் பல் வைத்தியரின் கண்ணுக்கு அந்த நரம்பு தெரிவதில்லை. துளை எல்லை மீறினால் உதட்டின் ஒரு பாதி மரத்துப் போகலாம். பிளேன்டீ ஓரத்தில் வழிவதும் தெரியாது, தன் பல் தன் உதட்டையே கடிப்பதும் தெரியாது. சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு ஆயுள் முழுவதும்.

இந்த ஆபத்தைக் குறைக்க வந்தவைதான் வழிகாட்டும் அறுவைக் கருவிகள். கோன் பீம் சி.டி. ஸ்கேன் தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிறது. வாய்க்குள் செலுத்தும் ஸ்கேனர் பல்லையும் ஈறையும் படம்பிடிக்கிறது. இரண்டையும் கணினியில் ஒன்றாகப் பொருத்தி, வரப்போகும் பல்லை முதலில் வரைகிறார்கள். அந்தப் பல்லைத் தாங்கத் திருகு எங்கே, எந்தச் சரிவில், எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் 3டி பிரின்டரில் சர்ஜிக்கல் கைட் ஆக அச்சாகி வருகிறது.

அதைக் கையில் எடுத்தால், பற்களின்மேல் கவிழ்ந்து உட்காரும் சிறிய பிசின் தகடுதான். துளையிட வேண்டிய இடத்தில் ஓர் உலோக வளையம். வளையத்துக்குள் நுழைந்த ட்ரில் பக்கவாட்டில் சாய முடியாது. அதன் கழுத்து வளையத்தில் முட்டியதும் மேலும் இறங்க முடியாது. தகட்டின் ஓரங்களில் சின்னச் சின்னச் சாளரங்கள் வெட்டியிருப்பார்கள். அவற்றின் வழியே பார்த்து, தகடு பல்லோடு இடைவெளியின்றி அமர்ந்ததை உறுதிசெய்த பிறகே வேலை தொடங்கும். சரியாக அமராத கைட், தவறான இடத்துக்கும் அதே உறுதியோடு கூட்டிப்போகும்.

எலும்பு அவசரக்காரர்களுக்கு இணங்குவதில்லை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1952இல் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டேனியக் கருவியைக் கழற்ற முடியாமல் திகைத்தார். எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக இத்தகைய டைட்டேனிய இம்பிளான்ட்டுகளைப் பொருத்தினார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக, 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை அவருக்கு உழைத்தன. ஆனால் ட்ரில்லின் உராய்வில் எலும்பு 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் சூடேறினாலே போதும், அதன் உயிரணுக்கள் சேதமடையும் என்று 1983இல் சுவீடன் ஆய்வாளர்களே காட்டினார்கள். நேர்வழி காட்டும் அதே கைட்தான் குளிர்விக்கும் நீர் எலும்பை எட்டவிடாமல் சற்று மறிக்கவும் செய்கிறது. ஆகவே கை நிதானமாகத்தான் இயங்க வேண்டும்.

இனி, கருவியின் பிழை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான மீளாய்வு ஒன்று, கைட் வைத்துப் பதித்த இம்பிளான்ட்டுகளும் திட்டமிட்ட இடத்திலிருந்து நுழைவாயிலில் சராசரியாக 1.2 மில்லிமீற்றரும் நுனியில் 1.4 மில்லிமீற்றரும் விலகியிருந்தன என்று கண்டது. சராசரி அவ்வளவென்றால் சிலரில் அது இன்னும் கூடுதல். அதனால்தான் திருகின் நுனிக்கும் நரம்புக்கும் இடையில் குறைந்தது 2 மில்லிமீற்றர் விடச் சொல்கிறது மருத்துவம். இவ்வளவு கருவிகள் வந்த பின்னும் அந்த இடைவெளியை யாரும் அழித்துவிடவில்லை.

கற்பிட்டிக் கடலில் தொழில் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. பார் எனப்படும் கடலடிப் பாறை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதை விட்டு எட்டி வள்ளத்தைச் செலுத்துகிறார்கள். காற்றும் நீரோட்டமும் எவ்வளவு தள்ளும் என்பதையும் அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்புமாய்க் கிடக்கும் இந்தக் கற்பிட்டி மணல்நாக்கில் உள்ள நுரைச்சோலையிலிருந்து ஒருவர் இம்பிளான்ட் தேடிப் போனால் பெரும்பாலும் கொழும்புக்கோ கண்டிப் பக்கமோ போக வேண்டும், கைக்காசும் செலவழிக்க வேண்டும். போகிறவர் நெடுங்காலம் வெற்றிலை பாக்குப் போட்டவராக இருந்தால் இன்னொரு தடை. பாக்கு வாயின் உட்சதையை இறுக்கிவிடும், வாய் முழுதாகத் திறக்காது. கைட்டின் வளையத்தைத் தாண்டி எலும்பை எட்ட நீளமான ட்ரில் வேண்டும். பின்வாயில் அதை நுழைக்க இடமிருக்காது. கணினித் திரையில் அழகாகப் பொருந்திய திட்டம் அந்த வாயில் செல்லாது. அப்போது திட்டத்தைக் கைவிட்டு, கட்டுப்பல்லே இவருக்கு நல்லது என்று சொல்லும் வைத்தியரும் கைதேர்ந்தவர்தான்.

இடைவெளியின் அருமை இந்த ஊருக்கு வேறு வழியிலும் தெரியும். 2011இல் இங்கே இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையம் இன்று 900 மெகாவாட் திறன்கொண்டது, நாட்டுக்கே வெளிச்சம் தருவது. காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் நிலக்கரித் தூசும் சாம்பலும் குடிமனைப் பக்கம் வருகின்றன என்ற மக்களின் முறைப்பாடும் பழையது. பெரிய இயந்திரத்துக்கும் சிறிய வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதும் அந்த 2 மில்லிமீற்றர்க் கேள்விதான்.

எல்லாம் கணக்குப்படி நடக்கும் என்று நம்பிப் போடும் திட்டத்தில், கணக்குப் பிசகும் நாளின் வலியை வேறொருவர்தான் சுமக்கிறார். தன் கை பிசகலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்பவர், அந்தப் பிசகு மற்றவரைச் சென்று சேராதபடி இடம் விட்டு வைக்கிறார். அறிவு முதிர முதிர அந்த இடத்தை எவ்வளவு விட வேண்டும் என்பது தெளிவாகிறது, விட வேண்டியதில்லை என்று ஆகிவிடுவதில்லை. நம் உடம்பிலோ ஊரிலோ துளையிட வருபவரிடம், கருவி எவ்வளவு துல்லியம் என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. நீங்கள் தவறினால் எங்களுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வைத்திருப்பவரை நம்பலாம்.